கண்ணாடி ஓரத்து மேஜை

பிளானோவுக்கு நாங்கள் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. என் கணவர் ஒரு டெலிகாம் கம்பெனியில் இன்ஜினியர். எனக்கு டிபென்டன்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. டெக்ஸாஸில் கார் ஓட்டத் தெரியாதவள் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் வெயிலையே பார்ப்பாள். அதனால் சனிக்கிழமை மதியம் ஒரு தமிழ் ஹோட்டலுக்குப் போவது எனக்குச் சாப்பாட்டு விஷயம் மட்டுமல்ல. வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பேன்.

ஒரு லாண்டரிக்கும் நகம் அலங்கரிக்கும் கடைக்கும் நடுவே இருந்தது ஹோட்டல். நடத்தியவர் ஈரோட்டுக்காரர். கல்லாவில் அவர், சமையலறையில் அவர் மனைவி. நாங்கள் அங்கே கறி சாப்பிட மாட்டோம், ஹலால் இல்லை என்பதால். எப்போதும் தோசைதான். "நம்ம சைவ பாய் வந்துட்டாருங்க" என்று என் கணவரைப் பார்த்து உள்ளே குரல் கொடுப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். வாசலை ஒட்டிய கண்ணாடிச் சுவர் ஓரத்து மேஜை எங்களுடையது மாதிரியே ஆகிவிட்டது. அங்கே உட்கார்ந்தால் பார்க்கிங் லாட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாம் தெரியும். எனக்கு அது போதும்.

பிறகு அந்த செப்டம்பர் வந்தது.

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்ததை டிவியில் பார்த்து நாங்களும் எல்லோரையும் போல வாயடைத்துத்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனால் இரண்டு நாள் போனதும் எங்கள் துக்கம் வேறு, மற்றவர்கள் துக்கம் வேறு என்று ஆகிவிட்டது. என் கணவர் ஒரு காலையில் தாடியை மழித்துவிட்டுக் குளியலறையிலிருந்து வந்தார். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் போன் செய்து, "வைஃப்கிட்ட கொஞ்ச நாளைக்கு ஸ்கார்ஃப் இல்லாம இருக்கச் சொல்லு, அவ்ளோதான்" என்றார்கள். நாகூரிலிருந்து உம்மாவே போனில் அழுதது. "உசுருதான் புள்ளே முக்கியம். துணியை எடுத்துட்டா அல்லாஹ் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

உண்மையில் அதுவரை அந்தத் துணியைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததே இல்லை. சின்ன வயதிலிருந்து போட்டது. கைக்கு வளையல் மாதிரி தலைக்கு அது. நான் அப்படி ஒன்றும் பெரிய பக்தி உள்ளவளும் இல்லை. ஆனால் ஆளாளுக்கு அதை எடு எடு என்றபோது எனக்குள் ஏதோ ஒன்று இறுகிப்போனது. நான் என்ன செய்துவிட்டேன், எதற்கு ஒளிய வேண்டும் என்று தோன்றியது. யாரிடமும் வாதாடவில்லை. எடுக்கவும் இல்லை.

சில வாரங்கள் நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நான்தான் கணவரிடம் சொன்னேன். "மச்சான், இன்னைக்குத் தோசை சாப்பிடப் போவோம்."

"பார்சல் வாங்கிட்டு வர்றேனே."

"பார்சல் தோசையை மனுசன் திம்பானா?"

அவர் சாவியை எடுத்தார்.

ஹோட்டல் கண்ணாடியில் பெரிய அமெரிக்கக் கொடி ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே பாதி மேஜைகள் காலி. கல்லாவிலிருந்து ஹோட்டல்காரர் வேகமாக எங்களை நோக்கி வந்தார். வழக்கமான சைவ பாய் கிண்டல் இல்லை.

"வாங்க பாய், வாங்க தங்கச்சி. உள்ளார உக்காந்துக்கலாங்களா?" என்று தடுப்புக்குப் பின்னால், பாத்ரூமுக்குப் போகும் வழியில் இருந்த மேஜையைக் காட்டினார்.

"நம்ம டேபிள் காலியாத்தானே அண்ணே இருக்கு?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் எவனோ கண்ணாடியில முட்டை அடிச்சுட்டுப் போயிட்டான். நம்ம கஸ்டமர் சர்தார்ஜி ஒருத்தரைத் தலைப்பாகையைப் பாத்துட்டுப் பார்க்கிங்ல புடிச்சுத் தள்ளியிருக்கானுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகன்னா எனக்கு இங்கேயே சரியா இருக்கும்."

"வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு..." என்று இழுத்தார். "நாம யாருன்னு அவனுங்களுக்குத் தெரியாதுங்க தங்கச்சி. பிசினஸ் ஏற்கெனவே டல்லு."

"அப்ப அதைச் சொல்லுங்கண்ணே. எனக்காகன்னு சொல்லாதீங்க."

அவர் முகம் சிவந்தது. என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "விடு புள்ளே. எங்க உக்காந்தா என்ன, தோசை ஒண்ணுதானே" என்றார். சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தும் விட்டார்.

நான் கண்ணாடி ஓரத்து மேஜைக்குப் போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

ஆக, புருஷன் ஒரு மேஜை, பெண்டாட்டி ஒரு மேஜை. இரண்டு பேருக்கும் நடுவே ஹோட்டல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்து மேஜையில் ஒரு தமிழ்க் குடும்பம். அதுவரை எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், தன் கணவரிடம் மெல்ல, "தமிழ் எவ்ளோ நல்லா பேசறாங்க பாருங்களேன்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள், பாவம். ஆனால் அன்றைக்கு எனக்குப் பாராட்டைத் தாங்கும் தெம்பு இல்லை.

"நாகூர்க்காரிக்குத் தமிழ் வராம வேற என்னங்க வரும்?" என்றேன். அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

என் நெய் ரோஸ்ட்டை ஹோட்டல்காரரின் மனைவியே கொண்டுவந்தார். அவர் சமையலறையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் புடவையும் பொட்டுமாகத்தான் இருப்பார். அன்று ஆண்கள் சட்டை மாதிரி ஒன்று போட்டிருந்தார், நெற்றியில் பொட்டில்லை. தட்டை வைத்து, "சாப்புடு கண்ணு, ஆறிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். ஒரு பிக்கப் டிரக் வந்து நேர் எதிரே நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் லாண்டரிப் பக்கம் போகத் திரும்பியவன், என்னைப் பார்த்து நின்றான். கிட்டே வந்தான். என் முகத்துக்கு நேராக உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி அறைந்தான். சுவர் முழுக்க அதிர்ந்தது. என் கை பட்டுச் சாம்பார்க் கிண்ணம் கவிழ்ந்தது. அவன் ஏதோ கத்தினான். வார்த்தை கேட்கவில்லை, வாய் அசைந்தது தெரிந்தது. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

எழுந்து உள்ளே ஓடிவிடலாம் என்று உடம்பு சொன்னது. ஓடினால் இனி எந்த ஜன்னல் பக்கமும் நான் உட்கார மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தோசையைப் பிய்த்தேன். சட்னியில் தொட்டு வாயில் வைத்தேன். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்றேன். மண்ணைத் தின்பது மாதிரி இருந்தது. ஆனாலும் விழுங்கினேன். இன்னொரு துண்டு பிய்த்தேன். அவன் எதிர்பார்த்தது இது இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றான், காறித் துப்பினான், டிரக்கில் ஏறிப் போய்விட்டான். துணி துவைக்க வந்தவன் துவைக்காமலே போனான்.

ஹோட்டல்காரர் ஓடி வந்தார். "பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன், பாத்தீங்களா?"

"பாத்தேன்ண்ணே. சாம்பார் கொட்டிப்போச்சு, இன்னொண்ணு தரச் சொல்லுங்க."

அப்போது தடுப்புக்குப் பின்னாலிருந்து என் கணவர் வந்தார், கையில் தன் தட்டோடு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மழித்த முகம் வெளிறிப்போயிருந்தது.

"நடுங்குறே" என்றார்.

"நடுங்கிட்டே சாப்பிடுறேன். நீங்களும் சாப்பிடுங்க."

சாப்பிட்டோம். அவர் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் டோல்வே நெடுஞ்சாலையில் அவர் அழுதார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்ததும். கண்ணாடி ஓரம்தான். வாசலில் நிழல் தட்டினாலே திரும்பிப் பார்ப்பேன். நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை. தீபாவளி நெருங்கிய ஒரு நாள், கூட்டமில்லாத நேரத்தில் ஹோட்டல்காரரின் மனைவி வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். மறுபடி புடவை, பொட்டு.

"எங்க வூட்டுக்காரரு என்னையும் மாத்திக்கச் சொன்னாருங்க கண்ணு. நானும் கம்முன்னு மாத்திக்கிட்டேன்" என்றார். "அன்னிக்கு உன்னைப் பாத்தனா, ராத்திரி வூட்ல ஒரே சண்டை. சட்டையைத் தூக்கி அவர்கிட்டயே குடுத்துட்டேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கல்லாவில் ஹோட்டல்காரர் எங்கள் பக்கம் பார்க்காத மாதிரி இருந்தார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை. மறு வருஷம் என் கணவரின் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து, வேலை தேடி நாங்கள் சான் ஹோசேக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அவரே மேஜைக்கு வந்து நின்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சிக்கு எம்மேல இன்னும் கோவமுங்களா?"

"ஆமாண்ணே."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பயந்துட்டேனுங்க" என்றார்.

"நானும்தான் பயந்தேன்."

"இவ்ளோ கோவத்தை வெச்சுக்கிட்டு ஏன் வாராவாரம் வந்தீங்க?"

"கோவம் இருந்தா வரக் கூடாதா? கோவத்தோடயும் இங்க வந்து உக்காருவேன்ண்ணே. எனக்குப் பசிக்கும்ல?"

அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

"ரோஸ்ட்டுங்களா, ஊத்தப்பமா?"

"ஊத்தப்பம். வெங்காயம் நிறையப் போடச் சொல்லுங்க" என்றேன்.