ஆறு கண்ணாடி ஜாடிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. குடுவைகளையும் பாட்டில்களையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சம். கழுவுவதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் முகம் அப்படியே தெரிய வேண்டும். அதுவரை விடமாட்டேன்.

ஆலையை ஒட்டி இரண்டு ஏக்கரில் பருத்தி போட்டிருந்த ஒரு விவசாயி அப்போது மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். இலையில் தூசி படிந்து காய் பிடிக்கவில்லை, புகைபோக்கிக்குத் தூசி பிடிக்கிற இயந்திரம் மாட்டுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. தூசி எவ்வளவு விழுகிறது என்று அளக்கத் துருக்கி நாட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் இயந்திரம் உண்டா இல்லையா என்று முடிவாகும்.

அவர் கையில் எப்போதும் ஒரு நீல அட்டைப் புத்தகம் இருக்கும். காற்று, தண்ணீர், புகை சம்பந்தப்பட்ட வார்த்தைகள் அவருடைய மொழியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கீழே விளக்கம். அவருக்கும் ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுப் பக்கம் புரட்டுவார்.

வந்த வாரமே இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்று வைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். இப்படி ஆறு இடங்களில். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று, பருத்திக்காரர் வரப்பில் ஒன்று, மற்றவை அங்கங்கே. ஜாடிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை விட்டார்கள்.

இன்ஜினியர் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்கிறவர் கெமிஸ்ட் சார். அவர் அன்றைக்குத் தங்கை கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தார். அதனால் இன்ஜினியரே என்னை உட்கார வைத்துப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு வார்த்தையில் விரலை வைத்து அவர் மொழியில் படித்தார். பிறகு ஆங்கிலத்தில். பிறகு விளக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுத்துகள். எது அவர் மொழி, எது ஆங்கிலம் என்றே எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்குச் சந்தோஷம். அடுத்த வரிக்குப் போனார். அதற்கும் ஆட்டினேன். கடைசியில் தன் கண்ணைத் தொட்டு, ஜாடியைக் காட்டி, என் சைக்கிளைக் காட்டினார். தினமும் போய்ப் பார் என்பது மட்டும் விளங்கியது. மறுநாள் வேறு ஊர் ஆலைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். கல்யாணம் முடிந்து திரும்பிய கெமிஸ்ட் சார், அவர் எல்லாம் சொல்லியிருப்பார் என்று என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் நாள் ஒரு முக்காலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஏறிப் பார்த்தேன். ஜாடிக்குள் தண்ணீர் கலங்கி, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நம்மை நம்பி விட்டுப்போன ஜாடி இப்படியா கிடப்பது என்று மனசு கேட்கவில்லை. இறக்கிக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, லேபிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் கொண்டுபோய்ப் புதிதாக ஊற்றி வைத்தேன். ஆறையும் அப்படியே. மறுநாள் போனால் மறுபடியும் கலங்கல். ஒரு மாதம் விடாமல் செய்தேன்.

மாதம் முடிந்து, அன்றைக்கும் நான் எல்லாவற்றையும் கழுவி வைத்த கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் வந்தார். பருத்திக்காரர் வரப்பில்தான் முதல் ஜாடி. கெமிஸ்ட் சாரும் பருத்திக்காரரும் கூட நின்றார்கள். இன்ஜினியர் ஜாடியை இறக்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. பாராட்டப் போகிறார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவரோ முகம் வாடி, ஜாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். புத்தகத்தைப் புரட்டினார். ஜாடி இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு ஒருவர் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தூசியே விழலைங்கிறாருங்க" என்றார் கெமிஸ்ட் சார். அவருக்கே குழப்பம்.

பருத்திக்காரர் ஒரு இலையைப் பறித்துத் தன் துண்டில் தேய்த்துக் காட்டினார். "அப்ப இது என்னா சார், எம் பொண்டாட்டி வந்து பவுடர் அடிச்சு வுட்டாளா? வூட்டுக்கு வந்து கூர ஓட்டப் பாருங்க. சிமெண்ட்டு வாங்காமயே பூசி வச்சிருக்கு."

"ஜாடி அப்படித்தானே சொல்லுது. நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, கெமிஸ்ட் சார் அந்தப் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைத் தமிழில் சொன்னார். காற்றிலிருந்து தானாக வந்து படிகிற தூசி. அதை ஒரு மாதம் யாரும் தொடாமல் ஜாடியில் சேரவிட்டுப் பிறகு எடை போட வேண்டும்.

அன்றைக்கு இன்ஜினியர் விரல் வைத்துப் படித்ததும் இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் வேலை போகும். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

"சரிங்க. நான்தான் பொய் சொல்றவன். இந்த வருசத்தோட பருத்திய வுட்டுட்டுக் கல்லு ஒடைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பருத்திக்காரர் திரும்பி நடந்தார்.

சைக்கிள் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தேன். இன்ஜினியர் கையிலிருந்த ஜாடியை வாங்கி, தண்ணீரைக் கொட்டி, அவர்கள் முன்னாலேயே தேய்த்துக் கழுவினேன்.

"என்னய்யா பண்றே?" என்றார் கெமிஸ்ட் சார்.

"இதான் சார் பண்ணேன்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழம லீவுங்க சார்."

போய்க்கொண்டிருந்த பருத்திக்காரர்தான் நின்று திரும்பினார். "அட பாவி மனுசா, அப்படியே எம் பருத்தியையும் தெனம் கழுவி வுட்டிருக்கலாமில்ல?"

கெமிஸ்ட் சார் விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னதும் இன்ஜினியர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு தன் மொழியில் நிறையச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்தாரா திட்டினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கெமிஸ்ட் சாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்றார்கள். அது நியாயம்தான். இன்ஜினியர் ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டார். ஜாடிகளை மறுபடி வைத்தார்கள். இந்த முறை காக்கை உட்காராமல் பார்ப்பது மட்டும்தான் என் வேலை. கலங்கலைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். முக்காலியை விட்டு இறங்கிவிடுவேன். மாதக் கடைசியில் ஆறு ஜாடியிலும் தோசை மாவு மாதிரி அடியில் படிந்திருந்தது. அடுத்த வருடம் புகைபோக்கியில் இயந்திரம் மாட்டினார்கள். அந்த ஜாடிகளால் மாட்டினார்களா, மனுக்களால் மாட்டினார்களா என்பது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பருத்திக்காரர் கல் உடைக்கப் போகவில்லை, அது போதும்.

இப்போதும் ஆஸ்பத்திரியிலோ பாங்கியிலோ யாராவது படபடவென்று சொல்லிவிட்டுப் புரிந்ததா என்று கேட்டால் என் தலை தானாக ஆடத்தான் பார்க்கிறது. கூச்சத்தோடுதான், ஆனாலும் "புரியலைங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் என் தலையாட்டலை நம்பி வேறு யாருடைய பிழைப்போ நிற்கலாம்.