ஏரியில் நின்ற நாலு படகுகள்

காலை 6.10. திருநின்றவூர் ரயில் நிலையத்துக்கு எதிரே எனக்கான வாடகைக் கார் வந்து நின்றது. ஊரே சென்னை வேலைக்குப் போகப் பிளாட்பாரத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்க, நான் மட்டும் வடக்கே பழவேற்காடு ஏரிப் பக்கம் புறப்பட்டேன். என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிதியம், பலருக்குப் பொதுவான நீர்நிலைகளைக் காப்பாற்ற நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பணம் தருகிறது. இந்த ஏரியில் தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பங்கு இருப்பதால் அதுவும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. இன்று மக்கள் கருத்தைக் கேட்க வெளிநாட்டிலிருந்து ஓர் அதிகாரி அம்மையார் வருகிறார். இரண்டு தரப்புக்கும் வாயாக இருக்க வேண்டியவன் நான்.

7.40, புதுவாயல். பெரியபாளையம் வழியாக வந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டோம். எப்படியும் நகராது என்று தெரிந்ததும் டிரைவர் ரஃபி ஓரங்கட்டினார். நாஷ்டாவுக்கு நாலு இட்லி நாற்பது ரூபாய், டீ பதினைந்து. ரஃபி பழவேற்காட்டுக்காரர். நான் போகிற குப்பத்தின் பேரைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கா மீட்டிங்கு? இன்னிக்கு அவங்களுக்குப் பாடு ஆச்சே சார். ஆம்பளைங்க எல்லாம் தண்ணியில இருப்பாங்க."

"பாடு என்றால்?"

"மீன் நல்லா படுற எடத்தை ஆளாளுக்குப் பூந்து கலக்கக் கூடாதுன்னு முறை போட்டு வச்சிக்கினு இருக்காங்க சார். சீட்டுக் குலுக்கி எடுக்கிறது. உன் நாளுன்னா நீ மட்டும் வலை போடு. நடுவுல சில நாளு யாரும் எறங்க மாட்டாங்க, மீனுக்கு ஆற வுடுவாங்க. முறையைத் தவற வுட்டா அவ்ளோதான், அடுத்து வர்ற வரைக்கும் கரையில குந்திக்கினு இருக்கணும்."

பாதி இட்லியோடு தட்டைத் தள்ளி வைத்தேன். இந்தத் திட்டத்தின் முதல் அறிக்கையைத் தமிழாக்கியதே நான்தான். அதன் வரைபடத்தில் இந்தக் குப்பத்துக்கு எதிரே ஏரியின் ஒரு பகுதிக்குப் பச்சை வண்ணம் அடித்து, யாரும் பயன்படுத்தாத நீர்ப்பரப்பு என்று எழுதியிருந்தது. பயன்படுத்தவில்லை என்றால் காப்பிடமாக்கிவிடலாம், அதற்குப் பிறகு அங்கே வலை போடக் கூடாது. அதற்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்கவே இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று தருகிறார்கள், மளமளவென்று முடித்துக் கொடுத்தேன்.

ஒருங்கிணைப்பாளர் பிரவீனுக்குப் போன் போட்டேன். படித்த பையன், எதற்கும் பதற மாட்டார்.

"பாடுன்னு அந்தக் குப்பத்துல கன்னியம்மான்னு ஒருத்தங்க போன வாரமே போன்ல சொன்னாங்க சார். ஃபிளைட் டிக்கெட் போட்டாச்சு, இனிமே தேதியை மாத்த முடியாது. லேடீஸ் வந்து உட்காரட்டும், அது போதும்."

8.35, கும்மிடிப்பூண்டி. ஷிப்டு பேருந்துகள் கம்பெனி வாசலுக்கு வாசல் ஆட்களை உதிர்த்துவிட்டு வழியை மறித்து நின்றன. சாலையோர ஓடையில் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. இன்றைய நிகழ்ச்சி நிரலில் அது கிடையாது.

9.50. குப்பத்துச் சமுதாயக் கூடம். புறப்பட்டதிலிருந்து அறுபத்தேழு கிலோமீட்டர். பிரவீனும் அம்மையாரும் முன்பே வந்திருந்தார்கள். கூடத்துக்கு ஐம்பது அடியில் ஏரி. ஆனால் புரொஜெக்டர் படம் தெளிவாக விழவேண்டும் என்று சன்னல்களையெல்லாம் சாத்திக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். புழுக்கத்தில் உட்கார்ந்து, வெளியே இருக்கும் ஏரியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைப் பகுதி வந்ததும் முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். அவர்தான் கன்னியம்மா. அவர் கணவரும் இரண்டு மைத்துனர்களும் அந்த நேரம் அங்கேதான் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்க பாடும்மா. அதை மூடிட்டா எங்க ஊட்டு ஆம்பளைங்க கும்மிடிப்பூண்டி கம்பெனிங்கள்ல காண்ட்ராக்ட் வேலைக்கு நிக்கணும். வேற எடம் எங்களுக்கு இல்லை."

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மையார் அக்கறையோடுதான் கேட்டார். கணக்கெடுக்க இரண்டு முறை ஆள் அனுப்பினோம், இரண்டு முறையும் அங்கே ஒரு படகுகூட இல்லையே, ஏன் என்றார்.

"அவங்க வந்தது ஆற வுட்ட நாளு. மீன் பெருகட்டும்னு நாங்க வுட்டு வச்சா, யாரும் இல்லாத எடம்னு எழுதிக்கினு போயிட்டாங்க."

சொல்லிவிட்டு, கன்னியம்மா நேராகப் பின்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். வெளிச்சம் கூடத்துக்குள் பாய்ந்தது. எதிரே ஏரி. பச்சை அடித்த அதே இடத்தில் நாலு படகுகள் வளைத்து நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தன. அம்மையார் எழுந்து வாசலுக்கு வந்தார். சரி, பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

அம்மையார் முகம் மலர்ந்தது. தம்மை வரவேற்கத்தான் படகுகளை இப்படி நிறுத்தியிருக்கிறார்களா என்று பிரவீனிடம் கேட்டார். முந்தைய விருந்தாளிகள் வந்தபோதெல்லாம் படகுகளைக் கொடிகட்டி வரிசையாக நிறுத்திக் காட்டியவர் இந்தப் பிரவீன்தான். இப்போதும் கூச்சப்படாமல் தலையாட்டினார். அம்மையார் செல்போனில் நாலைந்து படம் எடுத்தார்.

நான் குறுக்கிட்டேன். வரவேற்பு இல்லை, இன்று அவர்களுடைய முறை என்று இரண்டு தடவை சொன்னேன். மிக முக்கியமான கருத்து, எழுத்து மூலம் அனுப்புங்கள் என்றார். பகல் மூன்று மணிக்கு அவருக்கு விமானம். பதினொன்றரைக்கெல்லாம் அவர் வண்டி கிளம்பிவிட்டது.

அன்று நான் திரும்பும் வழியிலேயே பிரவீன் கூட்டக் குறிப்பை அனுப்பினார். மீனவர் தரப்பில் ஆட்சேபணை பதிவாகவில்லை. மீனவர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களின் பேச்சைத்தான் பதிவு செய்ய முடியுமாம். கன்னியம்மா பேரில் அட்டை இல்லை. அட்டை வைத்திருந்த அத்தனை பேரும் தண்ணீரில் இருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சீட்டில் வீசினேன். அன்றிரவே கன்னியம்மா சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். கிடைத்தது, நன்றி என்று கணினி பதில் போட்டது.

இரண்டு வாரம் கழித்து இறுதி அறிக்கை தமிழாக்கத்துக்கு வந்தது. அறிக்கையின் முகப்பு அட்டையில் அம்மையார் எடுத்த படம்: இடம் பிசகாமல் அதே நாலு படகுகள். உள்ளே பச்சை அப்படியே இருந்தது. பயன்படுத்தாத நீர்ப்பரப்பு என்ற சொற்களும் அப்படியே. மொழிபெயர்க்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன். வேறு ஆள் கிடைக்காமலா போவார்?

பச்சை அப்படியே இருப்பதைக் கன்னியம்மாவிடம் நானே சொல்லிவிடுவது நல்லது என்று போன் செய்தேன். அட்டைப் படத்திலிருந்து தொடங்கியதுதான் என் தப்பு. மேலே பேசவே விடவில்லை அவர்.

"நம்ம படகுங்களையா போட்டிருக்காங்க? முன்பக்கத்துலேயா? அப்ப அது நம்ம எடம்னு ஒத்துக்கினாங்க இல்ல சார்?"

போனில் அவர் தம் கணவரைக் கூப்பிட்டு அதைச் சொல்லும் சத்தம் கேட்டது.