மூன்றாவது மைக்கும் சரியில்லை

மைக்கை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை எடை பார்க்கிறார் ஜோல்தோஷ். பிறகு அதன் கம்பிவலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, துணியைத் தேய்த்துப் பார்ப்பதுபோல் தேய்க்கிறார். "துருக்கிச் சரக்கா, சீனச் சரக்கா?" என்று கேட்கிறார். எட்டு மாதமாக இதே கேள்வி. கடைக்காரர் பர்ஹாத் இதற்குப் பதில் சொல்வதை ஐந்தாவது மாதத்திலேயே நிறுத்திவிட்டார்.

பிஷ்கெக்கின் தோர்தோய் சந்தையில், ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைத்த கண்டெய்னர்களில் ஒன்றுதான் ஜோல்தோஷின் திரைச்சீலைக் கடை. காலையில் முதல் வியாபாரம் ஆனதும், வந்த நோட்டால் கடையில் உள்ள சரக்கையெல்லாம் ஒரு தட்டுத் தட்டுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். ஜோல்தோஷ் அதோடு நிற்பதில்லை. அதே நோட்டோடு இரண்டு வரிசை தாண்டிப் போய், பர்ஹாத்தின் கடையில் இருக்கும் மைக்குகளையும் தட்டிவிட்டு வருவார். இன்னும் வாங்காத பொருளுக்கும் ராசி வேண்டும் அல்லவா!

சனி, ஞாயிறுகளில் அவர் கல்யாணப் பாடகர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் மைக். அதைக் கடித்துத் தின்றுவிடுவாரோ என்று பயமாக இருக்கும், அவ்வளவு நெருக்கமாகப் பிடிப்பார். ஆனால் அந்த மைக்குக்கு உயிர் கிடையாது. இந்த ஊர்க் கல்யாண மண்டபங்களில் யாரும் நிஜமாகப் பாடுவதில்லை. முன்பே பதிவு செய்த பாட்டு ஓடும், பாடகர் வாயசைப்பார். தப்பித்தவறி ஒருவர் உண்மையாகப் பாடிவிட்டால், "பாவம், ரெக்கார்டிங் பண்ண வசதியில்ல போல" என்று விருந்தாளிகள் உச்சுக்கொட்டுவார்கள். ஜோல்தோஷிடம் இருப்பவை இருபது வருஷத்துக்கு முன்னால் பதிவான இரண்டே பாட்டுகள். இருபத்தொன்பது வயதுக் குரல் ஓட, நாற்பத்தொன்பது வயது உதடு அசைந்துகொண்டிருக்கிறது. இதுவரை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் குறை சொன்னதில்லை.

இப்போதுதான் சிக்கல். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் செசிமுக்குக் கல்யாணம். பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போடுவதற்கென்று அப்பாவே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். பழைய பாட்டுகளில் இது இல்லை, புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். ஸ்டூடியோவில் ஒரு பாட்டுக்கு ஒரு ஆட்டு விலை கேட்கிறார்கள், அதற்கு மேல் சுருதி சேரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் செய்கிறார்கள். பாட்டு வராவிட்டால், மச்சான் உலான் பாடத் தயாராக இருக்கிறார். அவர் செல்போனில் எதையோ பாடி, குரலை நிமிர்த்தும் செயலியில் போட்டு, தகர டப்பா உருளுவதுபோல் ஒன்றைத் தயாராகவே வைத்திருக்கிறார். தன் மகளை அந்தச் சத்தத்தில் அனுப்பிவைப்பதா? ஜோல்தோஷுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே வீட்டிலேயே பதிவு, ஆகவே கண்டன்சர் மைக், ஆகவே மலிவாக. இந்த மூன்றையும் முடிவு செய்ய ஒரு நாள் ஆனது. எந்த மைக் என்று முடிவு செய்வதற்குத்தான் எட்டு மாதம். "கண்டன்சருன்னா என்னன்னு நெனச்சீங்க? பக்கத்து ரூம்ல டீ ஆறுற சத்தம்கூட அதுக்குக் கேக்கும்" என்று, சமையலறை ஜன்னலுக்குத் திரை வாங்க வந்த பெண்மணிகளிடம் விளக்குவார். "அதுக்குத் தனியா நாப்பத்தெட்டு வோல்ட்டு கொடுக்கணுமாம். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்குக்கூட இவ்ளோ மரியாத கெடையாது."

எதிர்க் கடை வெனெராவுக்கு இதெல்லாம் மனப்பாடம். "ஜன்னல் எவ்ளோ அகலம்னு கேட்டு வியாபாரம் பண்றத விட்டுட்டு, மைக்கோட வாய் எவ்ளோ அகலம்னு கிளாஸ் எடுக்குறாரு" என்பாள். அவர் வகுப்பு எடுக்கிற நேரத்தில் அவள் நாலு ஜன்னலுக்குத் திரை விற்றுவிடுவாள். அந்த வகையில் அவளுக்கு இந்த மைக் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

கடைசியில் ஏழாயிரம் சோமுக்கு ஒன்றை வாங்கினார். ஐந்தே நாளில் பெட்டியோடு திரும்பி வந்தார். "ரெண்டு கம்பளிய தலையோட போத்திக்கிட்டுப் பேசற மாதிரி இருக்குய்யா." பர்ஹாத் வேறு கம்பெனி மைக் கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. "இது பரவால்ல, ரெண்டு கம்பளி இல்ல, ஒரு கம்பளிதான்." பர்ஹாத் மூன்றாவதையும் எடுத்துக் கொடுத்தார்.

இங்கே ஜோல்தோஷ் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் புதுப் பொருள் எதுவும் வெறும் உடம்போடு இருந்ததில்லை. சோபாவுக்குத் தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் ஆறு வருஷமாகக் கழற்றப்படவில்லை, வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் சதையோடு ஒட்டிக்கொண்டு வரும். டிவி ரிமோட்டுக்கு உறை, உறைக்கு மேல் ரப்பர் பேண்டு. அப்படியிருக்க, ஏழாயிரம் சோம் மைக் அம்மணமாக நிற்குமா? டேப் வைத்து அளவெடுத்து, கடையிலேயே உயர்ந்த வெல்வெட்டில், உள்ளே இரட்டைத் துணி கொடுத்து, பொன்னிறக் குஞ்சம் வைத்து ஒரு சட்டை தைத்தார். முதல் மைக்குக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்கு நீலம். பாடுவதற்காக உச்சியில் மட்டும் வட்டமாக ஒரு ஓட்டை. கல்யாண மைக்கில் உச்சியில்தானே பாடுவோம்! மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது சட்டையைப் பத்திரமாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அது மைக்கோடு வந்த பொருள் இல்லையே.

வியாழக்கிழமை, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மூன்றாவது பெட்டியும் பர்ஹாத்தின் மேசைக்கு வந்தது.

"இதுவும் சரியில்ல."

"அண்ணே, நாலாவது மைக் கெடையாது" என்றார் பர்ஹாத். "கடைய மூடிட்டு நானே உங்க வீட்டுக்கு வர்றேன். எங்க வச்சுப் பாடுறீங்க, எப்படிப் பாடுறீங்க, பாத்துடலாம்."

வீட்டில் மனைவி நூரிலா கல்யாணத்துக்குப் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயில் மாவுத் துண்டுகள் உப்பிப் புரண்டன. படுக்கையறைக்குள் நுழைந்த பர்ஹாத் அசந்துபோனார். சுவர் தெரியாமல் ஐந்து அடுக்குத் திரைச்சீலை. ஈ பறந்தால்கூட எதிரொலிக்காது. இப்படி ஓர் அறைக்காக ஸ்டூடியோக்காரர்கள் சொத்தை விற்பார்கள். அறை விஷயத்தில் ஜோல்தோஷைக் குறை சொல்ல ஆளில்லை. அவர் பெட்டியைத் திறந்து, மைக்கைத் தாங்கியில் பொருத்தி, அதற்கு நீல வெல்வெட் சட்டையை மாட்டி, குஞ்சத்தை நேராக்கினார்.

பர்ஹாத் குஞ்சத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இது என்னது?"

"சட்ட."

"பாடும்போது கழட்டிருவீங்கல்ல?"

"எதுக்குக் கழட்டணும்? மேல ஓட்ட விட்டுருக்கேன்ல."

"அண்ணே," என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார் பர்ஹாத். "இந்த மைக்குக்குக் காது பக்கவாட்டுல இருக்கு. உச்சந்தலைல இல்ல. அந்தக் காதுல கனமா வெல்வெட்டச் சுத்திட்டு, செவுடு செவுடுன்னு மூணு தடவ என் கடைக்குத் தூக்கிட்டு வந்துருக்கீங்க."

"அத பெட்டியில எழுதிருக்கணுமா இல்லையா?"

பர்ஹாத் பெட்டிக்குள் கைவிட்டார். படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கிய கையேடு இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்துக்குச் சட்டை தைத்துப் போடவில்லை.

"பொண்ணுக்குத் தெச்சதவிட இந்தச் சனியனுக்குத்தான் அதிகமா தெச்சாரு" என்று அறை வாசலில் நின்ற நூரிலா சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சத்தம் பதிவாகாதபடி அடுப்பை அணைக்கப் போனாள்.

சட்டை கழன்றது. பர்ஹாத் மைக்கின் காதை ஜோல்தோஷ் பக்கம் திருப்பி, அவரை ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். ஜோல்தோஷ் பாடினார். பாட்டின் மூன்றாவது அடி, 'திரும்பிப் பாக்காம போம்மா, நான் வாசல்லயே நிக்கிறேன்' என்று வரும். அதையும் பாடி முடித்தார்.

பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் குரலைக் கேட்கத் தயாரானார். இருபது வருஷமாக மண்டபங்களில் கேட்டுப் பழகிய அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்.

"யாருய்யா இது?"

"நீங்கதான் அண்ணே."

சந்தையில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன ஒரு தொண்டை. அடிக்கு அடி மூச்சு வாங்குகிறது. 'வாசல்லயே' என்ற இடத்தில் குரல் உடைந்து, அரை நொடி ஒன்றுமே இல்லை, அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். எல்லாவற்றையும் மைக் கேட்டிருந்தது.

"மைக் சரியி..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எக்கோ கொஞ்சம் போட்டா தெரியாது அண்ணே" என்றார் பர்ஹாத், கீழே பார்த்துக்கொண்டு. "இல்லன்னா உலான் அண்ணன்..."

நூரிலா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது அடி வந்ததும் அவள் கண் நிறைந்தது. "இது நம்ம குரல்" என்றாள். "உலானும் வேணாம், எவனும் வேணாம். அவ இதக் கேட்டுட்டே போகட்டும்."

ஜோல்தோஷ் கட்டிலில் கிடந்த நீல வெல்வெட் சட்டையை எடுத்தார். மறுபடி மாட்டப்போகிறார் என்று பர்ஹாத் பாதி எழுந்துவிட்டார். ஜோல்தோஷ் அதில் முகத்தை அழுத்தித் துடைத்து, குஞ்சத்தோடு சேர்த்து மூக்கையும் சிந்தி, சுருட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மைக்கின் காதுப் பக்கம் போய் நின்று, அதே குரலில் மறுபடி பாடத் தொண்டையைச் செருமினார்.