கட்டணம் செலுத்திக் கேட்ட கேள்வி

பொதுத்தொண்டுக்குக் கட்டணம் பெறுவது இழுக்கு என்று கருதியே, நற்பணிகளைத் தொடர இயலாமல் கதவடைத்துவிடும் சங்கங்கள் இன்றும் உள்ளன. நானும் அவ்வாறே கருதியிருந்தவன். அக்கருத்து எங்ஙனம் மாறிற்று என்பதை எழுதிவைத்தால் எவருக்கேனும் பயன்படும் என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன், அனுமந்தன்பட்டியில் எங்கள் பதிவுபெற்ற சங்கம் ஒரு மனு உதவி மையத்தை நடத்திவந்தது. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தல் என எதற்காக எவர் வந்தாலும் இலவசமாக எழுதிக் கொடுப்போம். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நான் அதன் செயலாளர். எங்களுக்கு நன்கொடை அளித்துவந்த அறக்கட்டளை திடீரெனக் கைவிரித்தது. சில திங்களுக்குள் மையத்தை மூடியாக வேண்டிய நிலை.

அப்போது நான் செய்த முதற்செயலே பெரும்பிழை. மனு எழுதும் மேசைமீது ஓர் உண்டியலை வைத்தேன். விரும்பியோர் இடட்டும் என்பதே என் கருத்து, எவரிடமும் கேட்கவில்லை. கணவரை இழந்த பெண் ஒருவர் இருமுறை வாசல்வரை வந்து, உண்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக எங்கள் எழுத்தர் பின்னர் சொன்னார். இடுவதற்குக் கையில் ஒன்றுமில்லாத நாணம். அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

தேனியில் எங்கள் தணிக்கையாளராக இருக்கும் அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் என்னை ஆறுதல்படுத்தவில்லை. “ஓட்டு படிவம் எழுதுற மேசையிலயா வச்சீக? ஓட்டுக்குக் காசு வாங்குறாகன்னு நாளைக்கு ஒருத்தன் எழுதிப்போட்டா என்ன சொல்வீக, ஐயா?” என்றார். அன்றே உண்டியலை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

முறையாகச் செய்யும் வழியையும் அவரே காட்டினார். தனியாருக்கு எழுதும் மனுக்களும் வாக்காளர் பணியும் என்றைக்கும் இலவசம். கட்சிகளிடமும் வேட்பாளர்களிடமும் ஒரு காசும் பெறலாகாது. கூட்டம் நடத்தவும், தீர்மானம் எழுதவும், கிராம சபையில் பேசவும் அமைப்புகளுக்குப் பயிற்சி அளித்தால், அதற்குக் கட்டணம் பெறலாம். ஆனால், சங்கத்தின் நோக்கங்களில் அதற்கு இடம் இருக்க வேண்டும். கணக்கைத் தனியே எழுத வேண்டும். வருமான வரிச் சட்டம் விதித்துள்ள வரம்பை மீறக் கூடாது. அவ்வாறே பொதுக்குழுவைக் கூட்டித் திருத்தம் நிறைவேற்றி, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்தோம். ஆயினும் என் மனம் கசந்தே இருந்தது.

முதலில் வந்தவர்கள் கம்பத்துக்கு அருகே ஓர் ஊரைச் சேர்ந்த பெண்கள். விடியுமுன் ஜீப் ஏறிக் கேரள மலையிலுள்ள ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்பவர்கள். ஜீப் வந்து நிற்கும் இடத்தில் ஒதுங்கக் கூரையில்லை, கழிப்பறையும் இல்லை. கிராம சபையில் பலமுறை கேட்டும் பயனில்லை. பேசக் கற்றுத்தர வேண்டும் என்றார்கள். அவர்களிடமா கட்டணம் என்று நான் மறுத்தேன். அவர்களுடைய சங்கத் தலைவி விடவில்லை. மாதச் சந்தாவிலிருந்து கட்டி, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

முதல் வகுப்பில் அரசமைப்புச் சட்டத்தின் மாண்பு குறித்து ஒன்றரை மணி நேரம் உரையாற்றினேன். அனைவரும் அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும் தலைவி எழுந்தார்.

“ஐயா, கோவிச்சுக்கிறாதீக. கல்யாண வீட்டு வாழ்த்துப் பத்திரம் மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாங்க இதுக்குக் காசு கட்டல. ‘பாப்போம்’னு பஞ்சாயத்துத் தலைவரு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டா, அதுக்கு மேல நாங்க என்ன பேசணும்? அதச் சொல்லிக் குடுங்க.”

சும்மா சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றி சொல்லிப் போயிருப்பாராம், கட்டியதனால்தான் கேட்கிறாராம். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எந்த மாணவரும் என் வகுப்பைப் பற்றி இவ்வாறு சொன்னதில்லை. சொல்லும் துணிவை எவருக்கும் நான் அளித்திருக்கவில்லை என்பதே உண்மை.

அடுத்த வகுப்பில் உரையே இல்லை. எங்கள் எழுத்தர் ஊராட்சித் தலைவராக அமர்ந்து, ‘பாப்போம்’, ‘நிதி இல்ல’, ‘அடுத்த கூட்டத்துல பேசுவோம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பெண்கள் முறைவைத்து மறுமொழி சொல்லிப் பழகினார்கள். எழுத்தர் வியர்த்துப்போய்த் தண்ணீர் கேட்டார்.

மே தினக் கிராம சபைக்கு நானும் சென்று பின்வரிசையில் அமர்ந்தேன். தலைவி எழுந்து, எழுதிக் கொணர்ந்த தீர்மானத்தை நிதானமாகப் படித்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவர், “எம்புட்டு வாங்கிட்டு இங்கன வந்து பேசுறீக?” என்று இளித்தார். நாங்கள் வாங்கிய கட்டணமே ஊர்ப்பேச்சில் திரிந்து அவர்களுக்கு வினையாகிவிட்டதோ என்று அஞ்சினேன்.

தலைவி திரும்பிப் பார்த்தார். “வாங்கிட்டு வரலண்ணே. குடுத்துட்டு வந்திருக்கோம். ரசீது பையில இருக்கு, பாக்குறீகளா?”

பந்தல் முழுவதும் சிரித்தது. கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்னரே, “பாப்போங்கிறத எந்தத் தேதிக்குப் பாப்பீகன்னு ஏட்டுல எழுதுங்கய்யா” என்றார் தலைவி. ஊராட்சித் தலைவர் சற்றுத் தயங்கித் தேதியைச் சொன்னார். தீர்மானம் ஏட்டில் ஏறியது. அடுத்த மழைக்காலத்துக்குள் கூரையும் கழிப்பறையும் எழுந்தன.

செய்தி பரவிற்று. திராட்சை விவசாயிகளும் வாழை விவசாயிகளும் தத்தம் சங்கங்களுக்குப் பயிற்சி கேட்டு, கட்டணம் செலுத்தி வந்தார்கள். மனு உதவி மையம் இன்றும் திறந்திருக்கிறது. அங்கே இன்றும் எல்லாம் இலவசம்.

கொடுப்பவனுக்குப் பெருமை தரும் தொண்டைக் காட்டிலும், பெறுபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை தரும் தொண்டே உயர்ந்தது என்பதை அந்தப் பெண்களிடம் நான் கற்றேன். சட்டம் குறித்து நான் எழுதியவற்றில் பிழை ஏதும் இருப்பின், அறிந்தோர் தயங்காது திருத்த வேண்டுகிறேன். திருத்தப்படுவதில் எனக்கு இப்போது கூச்சமில்லை.