சமயபுரம் நடந்த கால்

என் தம்பி கடற்படையில் சேரப் போய்ச் சில நாட்களிலேயே திரும்பி வந்தவன். யாராவது காரணம் கேட்டால் அம்மா, "அந்த ஊர் ஒத்துக்கலைங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொள்ளிடத்து மணலில் விடியற்காலையில் ஓடுவான். சாயங்காலம் மன்னார்புரத்தில் பயிற்சி வகுப்பு. எழுத்துத் தேர்வு, ஓட்டம், தண்டால், முதல் மருத்துவப் பரிசோதனை என்று எல்லாம் தேறி, ஒடிசாவில் இருக்கும் பயிற்சி மையத்துக்கு வரச்சொல்லி ஆர்டர் வந்தது. அங்கே இன்னொரு தடவை உடம்பைப் பார்ப்பார்கள். அதிலும் தேறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அவனுக்கோ வயது வரம்பு முடியும் நேரம். இதை விட்டால் வேறு வழி இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவுக்கும் தெரியும். ஆனால் ஆர்டர் வந்தால் பையன் வெறுங்காலோடு சமயபுரத்துக்கு நடந்து வருவான் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதலை நிறைவேற்றாமல் பயணம் கிளம்பக் கூடாதாம்.

"லீவுல வரும்போது நடக்கட்டுமேம்மா" என்றேன்.

"ஆத்தாகிட்டயே லீவு சொல்றியா நீ?" என்றார்.

சித்திரை வெயில். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் தார் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. நானும் கூட நடந்தேன், செருப்புப் போட்டுக்கொண்டு. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வீட்டுக்கு வந்ததும் மருந்து தடவினேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வேண்டுதல் வலியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது தம்பி. சொன்னா பலன் போயிடும். யார் கேட்டாலும் பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்லு."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தம்பி தலையாட்டினான். மறுநாளே அந்தக் கால்களை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு ரயில் ஏறினான்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். போன உடனே முடியை ஒட்ட வெட்டி, பூட்ஸ் கொடுத்து, வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். பயிற்சியாளர் ஒருத்தர் கேட்டிருக்கிறார்: "காய்ச்சல், புண், வலி, எது இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். கப்பலில் ஒருத்தன் மறைக்கிற வியாதி எல்லோருக்கும் ஆபத்து." சில பேர் கை தூக்கினார்களாம். கணுக்கால் வீங்கியிருந்த ஒரு மதுரைப் பையனுக்கு மருந்தும் ஓய்வும் கொடுத்தார்கள். அவன் பிறகு தேறியும்விட்டான்.

என் தம்பி கை தூக்கவில்லை. மற்றவர்களோடு ஓடினான். கொப்புளம் கிழிந்து சீழ் பிடித்தது. மருத்துவப் பரிசோதனையில் சாக்ஸைக் கழற்றச் சொன்ன டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவன் இல்லை என்றான். அவர் திட்டினாராம். ஆறுவதற்குப் பல வாரம் ஆகும், அதுவரை பேட்ச் காத்திருக்காது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை விண்ணப்பிக்க வயது இல்லை.

கடற்படை மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். சொல்லாதே என்று சொல்லி அனுப்பியது நாங்கள். எத்தனை நாள் இதை நினைத்து அழுதிருக்கிறேன்.

இப்போது தம்பி தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் வண்டி ஓட்டுகிறான். டவுனில் வெள்ளைச் சீருடையில் யாரையாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மா சமயபுரம் போவதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, வழக்கம்போல் சாப்பிட உட்கார்ந்தான். கூடத்துத் தரையில் அவன் நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம். வண்டியில் தார் ஏற்றும்போது காலில் ஆணி குத்தியிருக்கிறது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதுன்னு சொல்லுப்பா. ஒரு தடவை சொல்லிடுப்பா."

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "வலிக்கலைம்மா" என்றான்.