தகரக் கூட்டுக்குள் பதினாலு நாள்

மூன்று கிழமையாக இந்த இடத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் போன் எடுத்துக் கேட்டீர்கள். சுகமில்லையா என்றார் ஒருவர். எழுத ஒன்றும் இல்லாமல் போய்விட்டதா என்றார் இன்னொருவர் — கொஞ்சம் சந்தோசமாகவே.

சுகத்துக்குக் குறைவில்லை. எழுதவும் விசயம் இருந்தது. ஆனால் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு நாய் என் மனைவி வசந்தியைக் கடித்துவிட்டது.

தெருநாய் இல்லை. பிறவுணி என்று பேர் வைத்து வளர்த்தவன். கண் திறக்காத குட்டியாக வந்தவனை வசந்திதான் பால் பருக்கி வளர்த்தாள். ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும். படலையடியில் நின்று மணந்து பார்த்துவிட்டு, வந்தவரை வாசல் வரை கூட்டிக்கொண்டு வருகிற சாதி. எங்கள் பக்கம் காட்டுக்கரை. யானை இறங்கினால் முதலில் அறிவிப்பவனும் அவன்தான்.

அவன்தான், சோற்றுக் கோப்பையைக் கூட்டுக்குள் வைக்க அவள் நீட்டிய கையை மணிக்கட்டுக்கு மேலே கவ்விப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. நான் ஓடிவந்து தகரத்தில் தடியால் அடித்த பிறகுதான் விட்டான்.

இரத்தத்தைக் கண்டு பயந்ததைவிட அவன் கண்ணைக் கண்டுதான் அதிகம் பயந்தேன். அது எனக்குத் தெரிந்த நாயின் கண் இல்லை.

விசரா? வெறி பிடித்துவிட்டதா?

பைப்பைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவு கழுவென்று கழுவி, ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குப் போனோம். ஊசி போட்டார்கள். அடுத்த ஊசிகளுக்குத் திகதி எழுதிய துண்டொன்றும் தந்தார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். ஓம் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அலுமாரியைக் கிளறி அட்டையை எடுத்தால்… போன வருசத்தோடு நின்றிருந்தது. இந்த வருசம் ஊருக்குள் வந்து ஊசி போட்டபோது நாங்கள் வவுனியாவில், மகள் வீட்டில்.

நாயைக் கொல்ல வேண்டாம், வெளியில் விடவும் வேண்டாம், பதினாலு நாள் கவனித்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு தண்ணீர் எடுக்காமல் விட்டாலோ, செத்துப்போனாலோ உடனே ஓடிவர வேண்டும்.

அவனைக் கூட்டில் போட்டவன் யார்? நான்தான். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பக்கத்து வளவு சிவம் அண்ணையின் ஆட்டுக்குட்டி ஒன்றை, எங்கள் உடைந்த வேலிக்குள்ளால் போய்ப் பிறவுணி கடித்துவிட்டான். குட்டி பிழைத்துவிட்டது. சிவம் அண்ணை சண்டைக்கு வரவில்லை. நாயை ஒரு ஒழுங்குக்குள் வைத்திரு என்று மட்டும் சொன்னார். வீடு கட்டி மிஞ்சிய தகரம் கிடந்தது. மேசனைப் பிடித்து மூன்று நாளில் கூடு கட்டி முடித்தேன். ஆறடிக்கு நாலடி. சீமெந்து நிலம், மூன்று பக்கமும் தகரம், மேலேயும் தகரம், முன்னால் கம்பிவலைக் கதவு. கதவுக்கு நேரே கக்கூசின் பின்சுவர். பச்சைப் பெயின்ற் அடித்து, வந்தவர் போனவருக்கெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

முதல் கிழமை பின்னேரங்களில் சங்கிலி போட்டு வெளியே கூட்டிப்போனேன். பிறகு மழை. பிறகு வயல் வேலை. பிறகு… இந்தப் ‘பிறகு’களுக்குள் நாலு மாதம் போய்விட்டது.

அவன் மாறினான். எனக்குத் தெரியாமல் இல்லை. கூட்டுக்குள் சுற்றத் தொடங்கினான் — எப்போதும் இடப்பக்கமாக, அதே மூலையில் திரும்பி, அதே தடத்தில். முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கினான். வளவில் யார் நடந்தாலும் தகரத்தில் பாய்ந்து குரைத்தான். காலடிச் சத்தம் கேட்கும், வருவது யாரென்று தெரியாதே. ‘காவலுக்கு நல்லாக வந்துவிட்டான்’ என்று வசந்தியிடம் பெருமையாகச் சொன்னவன் நான்.

கடித்த மறுநாள் சிவம் அண்ணை வந்தார். காயத்தை விசாரித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, என்ரை பேரப்பிள்ளையள் ஓடித் திரியிற இடம். பதினாலு நாளுக்கு ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது? முடிச்சுவிடு.”

நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேனோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. வசந்தி குசினிக்குள் அடுப்படியில் நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? விடிந்ததும் முதல் வேலை, நாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வேலை, வசந்தியைப் பார்ப்பது. ஒரு காலை அவள் தேத்தண்ணி குடிக்கும்போது புரைக்கேறி இருமினாள். என் கோப்பையை வைத்துவிட்டு அவள் தொண்டையையே பார்த்தேன். என்ன பார்க்கிறீங்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நாலாம் நாள் மத்தியானம் எட்டிப் பார்த்தேன். காலையில் வைத்த தண்ணீர் வைத்தபடியே கிடந்தது. அவன் மூலையில் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு கிடந்தான். கடைவாயில் வீணீர்.

விசர் வந்த நாய்க்குத் தண்ணீர் ஆகாது என்று எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? வசந்திக்குச் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் நின்று மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். உடனே வரச் சொன்னேன்.

மோட்டார் சைக்கிளில் வந்திறங்கியவர் என் மகள் வயதுப் பெண். கூட்டுக்குக் கிட்டப் போய் நின்றார். தகரத்தில் கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். கையுறை போட்டு, ஒரு தடியால் தண்ணீர்ச் சட்டியைக் கதவின் கீழ் இடைவெளியால் இழுத்து, என்னிடம் காட்டினார். அலுமினியச் சட்டி. தண்ணீர் சுட்டது.

அதை ஊற்றிவிட்டு, மண்சட்டி ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் வைத்துத் தடியால் உள்ளே தள்ளச் சொன்னார். பிறவுணி எழும்பி வந்தான். தலை தூக்காமல் அவ்வளவையும் குடித்தான்.

விசர் இல்லைத்தானே டொக்டர் என்று கேட்டேன்.

“அதை இண்டைக்குச் சொல்லேலாது ஐயா. பதினாலு நாளும் போகவேணும்,” என்றார். கூட்டைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா விசர் இல்லாட்டிலும், இதுக்குள்ளை வைச்சிருந்தா இது கடிக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

நாட்கள் முடியும்வரை வெளியே எடுக்க முடியாது. அதனால் கூட்டையாவது மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே தகரத்தின் மேல் தென்னங்கிடுகு போட்டேன். ஈரச்சாக்குத் தொங்கவிட்டேன். வளவைப் பார்த்த பக்கத்தில் கீழ்த் தகரத்தை வெளியே நின்றே வெட்டியெடுத்துக் கம்பிவலை அடித்தேன். நான் அடித்து முடியும்வரை அவன் குரைத்தான். முடிந்ததும் வலைக்கருகே வந்து படுத்தான். முற்றத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

வசந்தி கட்டுப்போட்ட கையோடு வந்து தள்ளி நின்றாள். சிவம் அண்ணை சொன்னதுதான் சரியோ என்று வாய்விட்டுக் கேட்டேன். உண்மையில் எனக்கு யாராவது முடிவு சொன்னால் போதும் என்றிருந்தது.

அவள் தகரத்தைப் பார்த்தாள்.

“இடம்பெயர்ந்து முகாமிலை தகரக் கொட்டிலுக்குள்ளை இருந்தனாங்கள். ஞாபகம் இருக்கே?”

இருக்கிறது என்றேன்.

“அங்கை நான் பிள்ளைக்கு அடிச்சனான். ஒரு வாளித் தண்ணியைத் தட்டிப்போட்டாள் எண்டு… அகப்பைக் காம்பாலை. அவளுக்கு அப்ப ஆறு வயசு. அதுக்கு முதல் ஒருநாளும் நான் அவளிலை கை வைச்சதில்லை. அங்கையிருந்து வந்தாப்போலையும் வைச்சதில்லை.”

எனக்கு இது தெரியாது. இத்தனை வருசத்தில் அவள் சொன்னதும் இல்லை, மகள் சொன்னதும் இல்லை.

“என்னை ஒருத்தரும் முடிச்சுவிடச் சொல்லேல்லை,” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த நாட்களில் வேலியைச் சரிக்கட்டினேன். கட்டி முடிக்க இரண்டு பின்னேரம் போதுமாக இருந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் கூடே தேவைப்பட்டிருக்காது.

ஏழு, எட்டு, ஒன்பது… பன்னிரண்டாம் நாள் அவன் சோற்றில் பாதியை விட்டுவிட்டான். அன்று நானும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் முழுவதும் தின்றான்.

பதினாலும் போயிற்று. பதினைந்தாம் நாள் காலை டொக்டர் வந்து பார்த்தார். விசர் இல்லை என்றார். அவன் கழுத்தில் சங்கிலியைப் போட்டு, தடுப்பூசியும் போட்டுவிட்டு, கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

பாய்ந்து ஓடிவருவான் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்?

வாசலில் நின்றான். ஒரு காலை மண்ணில் வைத்து எடுத்தான். பிறகு மெல்ல வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று… சுற்றத் தொடங்கினான். இடப்பக்கமாக. ஆறடிக்கு நாலடி. வளவு முழுக்க முன்னால் கிடக்க, இல்லாத தகரத்தின் இல்லாத மூலைகளில் திரும்பித் திரும்பி நடந்தான். வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது அவனுக்குக் கூடு இல்லை. பின்னேரம் ஒவ்வொரு நாளும் நடத்திக் கூட்டிப்போகிறேன். மழை வந்தால் குடையோடு. காலில் புண் ஆறுகிறது. வந்தவரை மறுபடியும் மணந்து பார்க்கிறான். ஆனால் லொறி ஏதும் பெரிதாக ஹோர்ன் அடித்தால் அந்தச் சுற்று வந்துவிடுகிறது. வசந்தியின் கை ஆறிவிட்டது, ஊசிகளும் முடிகின்றன. சோற்றை மட்டும் அவள் கொஞ்சம் தூரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். அவன் அவளைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுத்தான் தின்கிறான்.

நாய், கோழி, கிளி, லவ்பேட்ஸ் என்று நாம் எல்லாருமே எதையாவது கூட்டில் வைத்திருக்கிறோம். பூட்டு பலமா, பெயின்ற் நல்லதா என்று பார்க்கிறோம். உள்ளே இருந்தால் எப்படி இருக்கும் என்று யார் பார்க்கிறோம்?

கூட்டைப் பிரிக்க முதல், ஒரு மத்தியானம் கிடுகையும் சாக்கையும் எடுத்துவிட்டு, நான் உள்ளே போய்க் குந்திப் பார்த்தேன். பத்து நிமிசம் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அதுவும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.