அளவு ஜாக்கெட்

இருபத்தாறு வயது ஆகும்வரை என் தோள் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருமுனை டெய்லருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் அக்காவின் தோள்தான்.

செங்கல்பட்டில் அப்போது ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு பொருள் எடுத்துப்போக வேண்டும். ஒன்று துணி, இன்னொன்று அளவு ஜாக்கெட். ஏற்கெனவே நமக்குப் பொருந்துகிற பழைய ஜாக்கெட்டுக்குத்தான் அந்தப் பெயர். டெய்லர் ஆம்பிளை என்பதால் பெண்களைத் தொட்டு டேப் வைக்க மாட்டார். பழையதைப் பலகைமேல் விரித்து, சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு, அப்படியே வெட்டுவார். சுத்தமான ஈயடிச்சான் காப்பி. பழையதில் ஒரு கை கால் அங்குலம் கோணல் என்றால் புதியதிலும் அதே கோணல் பத்திரமாக வந்து சேரும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவுபசார விழாவுக்கு முதல்முறையாகப் புடவை கட்டினேன். எனக்கென்று பழைய ஜாக்கெட் எங்கிருந்து வரும்? அம்மா பீரோவைத் திறந்து அக்காவுடையதை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா தங்கச்சிதானக்கா, ஒரே உடம்புவாகுதான். அரை இன்ச்சு உள்ள துணி வுடறேன், போதும்" என்றார் டெய்லர்.

ஒரே உடம்புவாகாம்! அக்கா முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். நான் அப்பா ஜாடை. அகலமான தோள், சதைப்பிடிப்பான கை. கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஜாக்கெட்டைத்தான் பார்த்தார்.

அன்றைக்கு அவர் போட்ட கோடு எட்டு வருஷம் நீடித்தது. அந்த ஜாக்கெட்டை வைத்து அடுத்தது, அடுத்ததை வைத்து அதற்கடுத்தது. கை இறுக்குகிறது என்று சொன்னால், "போடப் போட வுட்டுக் குடுக்கும் பாப்பா" என்பார். வீட்டில் சொன்னால், "ஒடம்பக் கொறடி" என்பாள் அம்மா. ஜாக்கெட்டின்மேல் தப்பே இருக்க முடியாது, உடம்புதான் தப்பாக வளர்ந்துவிட்டது என்பதுதான் வீட்டுத் தீர்ப்பு. நானும் கொஞ்ச காலம் அதை நம்பினேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

படிப்பு முடிந்து திருக்கழுக்குன்றத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். தினமும் புடவை கட்டித்தான் ஆக வேண்டும். என்னால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தூக்கினால் அக்குளில் தையல் முனகும். அதனால் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுவேன், அழிப்பேன், திரும்ப அங்கேயே எழுதுவேன். மேல்பாதி வருஷம் முழுக்கப் புதுசாக இருந்தது. ஒருநாள் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்து, கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "போர்டுல மேல எழுதுனா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டார். ஜாக்கெட் இறுக்கம் என்று பிள்ளைகள் முன்னால் சொல்லவா முடியும்?

என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து வருவார். அவர் கையை வீசிக்கொண்டு நடப்பார், பலகையின் உச்சியில் தேதி எழுதுவார். ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. எனக்கு வயிற்றெரிச்சல். எங்கே தைக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"மகாபலிபுரத்துல. வெள்ளைக்காரங்களுக்குத் தைக்கிறவரு. அவங்ககிட்ட ஏது அளவு ஜாக்கெட்? டேப் வெச்சுத்தான் தைப்பாரு. அளவெடுக்கறது அவரு சம்சாரம்."

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. கடப்பாக்கத்தில் விவசாயக் குடும்பம், மாப்பிள்ளைக்கு மதுராந்தகத்தில் ஆபீஸ் வேலை. முகூர்த்தப் புடவையும் ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு; தைத்தே கொண்டுவந்துவிடுவார்கள். அதற்காக அளவு ஜாக்கெட் கேட்டு அனுப்பியிருந்தார்கள். என் கல்யாணத்திலாவது என் உடம்புக்குத் தைத்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. சனிக்கிழமை பள்ளி விட்டதும் அந்த டீச்சரோடு பஸ் ஏறினேன்.

கல் செதுக்கும் கடைகளுக்கு நடுவில் ஒடுக்கமான கடை. டெய்லரின் மனைவி கழுத்தில் டேப் தொங்க எழுந்து வந்து, திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், "எந்த எடத்துல புடிக்குது உனுக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே என்று சொல்வது? எல்லா இடத்திலும்தான். அவர் அளந்து அளந்து வெளியே சத்தம் கொடுத்தார். தோள் பதினைந்து. கைச்சுற்று பதின்மூன்று. மார்பு முப்பத்தாறு. டெய்லர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். கழுத்து எப்படி வேண்டும் என்றார்கள். பின்னால் பானைக் கழுத்து, நாடா வைத்து, என்றேன். கேட்டுவிட்டு நானே பயந்தேன்.

அடுத்த வாரம் அளவுச் சீட்டோடு நீல ஜாக்கெட் வந்தது. வீட்டில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. நான்கைந்து தடவை தூக்கித் தூக்கி இறக்கினேன். யாராவது பார்த்திருந்தால் சாமி வந்துவிட்டது என்றிருப்பார்கள்.

அந்த ஜாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, உள்ளே அளவுச் சீட்டையும் வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் தந்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலை மணமகள் அறையில் அரக்குப் பட்டு ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எட்டு வருஷமாகப் பார்த்த கை ஆயிற்றே. முழங்கையைத் தாண்டி மேலே ஏறவில்லை.

"நான் குடுத்தது எங்க?" என்றேன்.

"பீரோவுலதான் கீது" என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல். "முதுகு முக்கால்வாசி தெரியறத மொதமொதல்ல மாப்ள வூட்டுக்கு அனுப்பச் சொல்றியா? இன்னா நெனப்பாங்க? அதான் அக்காளுத அனுப்பினேன்."

இதில் கொடுமை என்னவென்றால் அந்த ஜாக்கெட் அக்காவுக்கே இப்போது சேராது. இரண்டு பிள்ளை பெற்று அவளும் என் அளவுக்கு வந்துவிட்டாள். வீட்டில் யாரிடமுமே இல்லாத ஒரு உடம்புக்கு என் கல்யாண ஜாக்கெட் தைக்கப்பட்டிருந்தது. அக்காவே பிளேடால் உள்தையலைப் பிரித்தாள். அரை அங்குலம் கிடைத்தது. ஒருத்தி பிடிக்க ஒருத்தி இழுக்கக் கொக்கிகளை மாட்டினார்கள். மாட்டாத இடத்தில் ஊக்கு. அழுதால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் ஊக்கு குத்தும். அதனால் அழவில்லை.

தாலி கட்டி முடிந்து மாலை மாற்றச் சொன்னார்கள். மாப்பிள்ளை உயரம். மாலையை நெஞ்சு வரை தூக்கினேன், அதற்குமேல் கை போகவில்லை. அப்படியே நின்றேன்.

"பொண்ணுக்கு வெக்கத்தப் பாரேன்!" என்றது ஒரு குரல். மண்டபமே சிரித்தது. "கைய நல்லா தூக்கும்மா" என்றார் வீடியோக்காரர். எனக்கு வெட்கமா? கோபத்தில் காது சுட்டது. கடைசியில் மாப்பிள்ளையே குனிந்து தலையை மாலைக்குள் விட்டுக்கொண்டார். அடக்கமான பெண் என்று கடப்பாக்கத்தில் எனக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். அந்தப் பெயரைச் சம்பாதித்தது என் அக்காவின் பழைய ஜாக்கெட்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பொங்கலுக்கு முன்னால் மாமியார் ஆசையாகக் கூப்பிட்டு மூன்று புது ஜாக்கெட்டை என் கையில் வைத்தார். "உன் கல்யாண ஜாக்கெட்ட வெச்சே தெக்கச் சொல்ட்டேம்மா. அளவு மாறக் கூடாதுல்ல" என்றார்.

நல்ல மனுஷிதான், பாசத்தில் செய்ததுதான். ஆனாலும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அறைக்குள் போய் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கொக்கி சேராத இடத்தை மாராப்பால் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன். டர்ரென்று இரண்டு அக்குளிலும் தையல் கிழிந்தது.

"ஐயோ, இன்னாம்மா இது?"

"இது என் அளவு இல்ல அத்த. எங்க அக்கா அளவு. அவளும் இப்ப இந்த அளவுல இல்ல." எட்டு வருஷக் கதையையும் கொட்டினேன். மாலை மாற்றியதையும் சொன்னேன்.

மாமியார் வாய்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப உன் அளவு இன்னாதான்?" என்றார்.

சீட்டு தொலைந்திருந்தது. ஆனால் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக இருந்தது. தோள் பதினைந்து, கைச்சுற்று பதின்மூன்று என்று ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் நம்ம டெய்லருக்குப் புரியாதும்மா. சரியான அளவு ஜாக்கெட் ஒண்ணு இருந்தா குடு" என்றார்.

அம்மாவின் பீரோவிலிருந்து மீட்டு வந்திருந்த நீல ஜாக்கெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். பானைக் கழுத்தையும் நாடாவையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கழுத்த மட்டும் ரெண்டு இன்ச்சு ஏத்திக்கலாமா?"

"ஒரு நூல் ஏத்தினாலும் போட மாட்டேன்" என்று ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டில் என் முதல் சண்டை அது. இரண்டு நாள் பேச்சு இல்லை. பொங்கலன்று காலையில் நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முக்காலிமேல் ஏறி, வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் கட்டினேன். அதற்கு இரண்டு கையும் மேலே வேண்டும். பின்னால் மாமியார் வந்து நிற்பது தெரிந்தது. முதுகைத்தான் பார்க்கிறார் என்பதும் தெரிந்தது. நான் திரும்பவில்லை. தோரணத்தை அவிழ்த்து, இன்னொரு தரம் மெதுவாகக் கட்டினேன்.